‘பான்சர் ஜெனரல்’ சொல்லாமல் விட்ட போர்

1994இல் வெளிவந்த ‘பான்சர் ஜெனரல்’ என்ற கணினிப் போர் விளையாட்டை இன்றும் தேடிப்பிடித்து ஆடுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அது ஓடிய டாஸ் கணினிகள் பழைய சாமான் கடைகளுக்குப் போய் வெகுகாலமாகிறது. ஆனாலும், புதிய கணினிக்குள் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளை நிறுவி, அதே அறுகோணக் கட்டங்களின்மீது அதே டாங்கிகளை நகர்த்துகிறார்கள். இளமைக்கால ஏக்கம் என்று இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆடுகிறவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த விளக்கம் போதாது என்பது என் வாதம். போர் எதனால் வெல்லப்படுகிறது என்பதைப் பற்றி உருவாக்கியவர்கள் கொண்ட கருத்து ஒவ்வொரு போர் விளையாட்டின் விதிகளுக்குள்ளும் இருக்கிறது. சிறு வயதில் அந்த விதிகளை இயற்கை நியதிபோல் ஏற்றுக்கொண்டவர், முப்பது ஆண்டு கழித்துத் திரும்பும்போது அவற்றைக் கேள்வி கேட்க முடியும். பழைய வரலாற்று நூல் ஒன்றை, எழுதியவரின் காலத்தையும் சார்பையும் மனத்தில் வைத்துப் படிக்கிறோம். இதையும் அப்படிப் படிக்க வேண்டும்; படிப்பதற்காகவே அதை மாற்றாமல் பாதுகாக்கவும் வேண்டும்.

பொழுதுபோக்கிலிருந்து பிறந்ததல்ல இந்த வகை விளையாட்டு. 1812 வாக்கில் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் உருவாக்கிய மேசை விளையாட்டை, பீரங்கிப்படை அதிகாரியான அவருடைய மகன் 1824இல் வரைபடத்தின்மீது ஆடும் பயிற்சியாக மாற்றினார். பிரஷ்யப் படைத் தலைமையகத்தின் தலைவர் முஃப்லிங் அதை அதிகாரிகளுக்குப் பரிந்துரைத்தார். எந்தப் படை எவ்வளவு வேகத்தில் நகரும், எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்பதற்கு அட்டவணைகள் இருந்தன. எதிர்பாராததைக் கொண்டுவரப் பகடை. தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர். 1950களில் அமெரிக்கர் சார்லஸ் ராபர்ட்ஸ் இதைப் பெட்டியில் வாங்கி வீட்டில் ஆடும் அட்டை விளையாட்டாக்கினார். 1980இல் எஸ்எஸ்ஐ நிறுவனம் ‘கம்ப்யூட்டர் பிஸ்மார்க்’ மூலம் கணினிக்குக் கொண்டுவந்தது. இந்தக் கடைசி நகர்வில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அட்டை விளையாட்டில் விதிப் புத்தகம் ஆடுகிறவர் கையில் இருக்கும். கணக்கை அவரே போடுவார். ஒரு விதி அநியாயம் என்று பட்டால் எதிராளியோடு வாதாடித் திருத்திக்கொள்வார். கணினியோ விதிகளைத் தனக்குள் வைத்துக்கொண்டு முடிவை மட்டும் திரையில் காட்டியது. விதி கண்ணில் படாதபோது, அது யாரோ ஒருவருடைய கருத்து என்பதும் மறந்துபோகிறது. அதனால்தான் கணினிப் போர் விளையாட்டுக்கு இரண்டாம் வாசிப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அதே எஸ்எஸ்ஐ வெளியிட்ட ‘பான்சர் ஜெனரல்’ ஏன் இவ்வளவு பேரைப் பிடித்து வைத்தது என்பதை முதலில் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் வந்த போர் விளையாட்டுகளில் பல, தடித்த கையேடுகளையும் எண்கள் நிறைந்த திரைகளையும் தாண்டி வரச்சொல்பவை. இதில் படையைத் தொட்டால் அது போகக்கூடிய கட்டங்கள் ஒளிரும். இலக்கைத் தொட்டால் தாக்கும். அந்த எளிமைக்கு அடியில் ஆழம் இருந்தது. பீரங்கிப் படையைப் பின்னால் நிறுத்தினால் முன்னால் நிற்கும் காலாட்படைக்கு அது காப்பாகச் சுடும். பதுங்குகுழி தோண்டி நகரத்துக்குள் இருக்கும் எதிரியை டாங்கியால் மோதினால் டாங்கிக்குத்தான் சேதம். மழை வந்தால் விமானங்கள் பயன்படாது, நிலம் சேறாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு போர்க்களத்தில் தப்பிப் பிழைத்த படை அனுபவம் கூடி அடுத்த களத்துக்கும் கூடவே வரும். 1939இல் போலந்தில் தொடங்கிய ஒரு டாங்கிப் பிரிவை 1943இல் குர்ஸ்க் வரை கொண்டுவந்த ஆட்டக்காரர் அதன்மீது பாசம் வைப்பது இயல்பு. அதைப் பலி கொடுக்கத் தயங்குவார். வெறும் எண்களைக்கொண்டு இப்படியொரு பற்றை உண்டாக்கியது தேர்ந்த வடிவமைப்பு. இதன் பின்வந்த பல விளையாட்டுகள் இந்த ஒரு உத்தியை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இனி விதிகள் சொல்லும் கருத்துக்கு வருவோம். இதில் மொத்தம் 38 களங்கள். போர்த்தொடரில் ஆடுகிறவர் ஜெர்மன் தளபதி. குறித்த சுற்றுகளுக்கு முன்பே நகரங்களைப் பிடித்தால் பெரிய வெற்றி. மதிப்புப் புள்ளிகள் குவியும். அவற்றைக்கொண்டு புதிய டாங்கிகள் வாங்கலாம். பிரான்சில் பெரிய வெற்றி கிடைத்தால் பிரிட்டன்மீது படையெடுக்கும் வாய்ப்பு திறக்கும். தொடர்ந்து வென்றுகொண்டே போனால் கடைசியில் வாஷிங்டன் வரை போகலாம். அதாவது, வரலாற்றில் ஜெர்மனி தோற்றதற்குக் காரணம் போதிய வேகமும் திறமையும் உள்ள தளபதி இல்லாததுதான் என்று விளையாட்டின் கட்டமைப்பு சொல்கிறது. ஒவ்வொரு படைக்கும் எரிபொருளும் குண்டும் கணக்கில் உண்டு என்பது உண்மை. ஆனால் அவை தீர்ந்தால் ஒரு சுற்று நின்றால் போதும், நிரப்பிக்கொள்ளலாம். எதிரி ஒட்டி நின்றால் அளவு குறையும், அவ்வளவே. அந்த எரிபொருள் எங்கிருந்து, எந்தச் சாலையில், எந்த ரயிலில் வந்தது என்ற கேள்வியே இல்லை.

நடந்த போரில் அந்தக் கேள்விதான் முடிவைத் தீர்மானித்தவற்றுள் ஒன்று. 1941 ஜூன் 22 அன்று சோவியத் எல்லையைக் கடந்த ஜெர்மன் சேனை, டாங்கிகளின் சேனை என்று நம் மனத்தில் பதிந்திருக்கிறது. உண்மையில் அதன் பெரும்பகுதி நடந்துதான் போனது; கூடவே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் போயின. சோவியத் ரயில் பாதை ஐரோப்பியப் பாதையைவிட அகலமானது. தண்டவாளத்தை மாற்றிப் போட்டால்தான் ஜெர்மன் ரயில்கள் முன்னேற முடியும். இதில் இன்னொன்று கவனிக்கத்தக்கது. இந்தப் படையெடுப்பை ஜெர்மன் தலைமையகமே முன்கூட்டி வரைபடத்தில் ஆடிப் பார்த்தது. 1940இன் இறுதியில் ஜெனரல் பவுலஸ் தலைமையில் நடந்த அந்த ஒத்திகைகளில், கிழக்கே போகப்போகப் போர்முனை விரியும், படைகள் போதாமல் போகும், வழங்கல் திணறும் என்பது தெரியவந்தது. தெரிந்தும் படையெடுத்தார்கள். அதே பவுலஸ் 1943 ஜனவரி இறுதியில் ஸ்டாலின்கிராடில் சரணடைந்தார். 1940இன் ஒத்திகை எச்சரித்த ஒன்றை 1994இன் விளையாட்டு கணக்கில் கொள்ளவில்லை. வழங்கலையும் இருப்புப் படைகளையும் எண்ணிய ஆட்டம் ஒரு விடை தந்தது. எண்ணாத ஆட்டம் வாஷிங்டனில் போய் முடிந்தது. ஒரு போர் விளையாட்டு எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று பார்த்தாலே அதன் போர்க் கொள்கை பிடிபட்டுவிடும்.

எண்ணாமல் விட்டவற்றில் வழங்கல் சிறியது. மக்களே இல்லாத ஐரோப்பாவில் இந்தப் போர் நடக்கிறது. கீவ் ஒரு களம். அதைப் பிடித்தால் புள்ளிகள் கிடைக்கும். அடுத்த களம் மாஸ்கோ. உண்மையான கீவ் நகரை 1941 செப்டம்பரில் ஜெர்மன் சேனை பிடித்தது. அதே மாதம் 29, 30 ஆகிய இரண்டு நாட்களில் நகரத்தின் ஓரத்திலுள்ள பாபி யார் பள்ளத்தாக்கில் 33,771 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றவை நாஜிகளின் எஸ்எஸ் அணியும் காவல் படைகளும். நகரின் இராணுவ நிர்வாகம் ஒத்துழைத்தது. ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட சுமார் 57 லட்சம் சோவியத் வீரர்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியாலும் குளிராலும் நோயாலும் துப்பாக்கியாலும் செத்தார்கள். சிறைப்பட்டவர்களைக் காவல் காத்தது இராணுவம். விளையாட்டில் ஒரு எதிரிப் படை சூழப்பட்டு அழிந்தால் கட்டம் காலியாகிறது. அந்தக் காலிக் கட்டத்துக்குப் பின்னால் இருந்த மனிதர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க, ஆடுகிறவருக்கு வெளியிலிருந்து அறிவு வர வேண்டும்.

இந்த மௌனத்துக்கு வேர் எங்கே? போருக்குப் பின், ஜெர்மன் தளபதிகளில் குடேரியனின் நினைவுக் குறிப்புகள் 1951இலும் மான்ஸ்டைனுடையவை 1955இலும் ஜெர்மனியில் வெளிவந்தன. ஜெர்மன் படைத் தலைமையகத்தின் முன்னாள் தலைவர் ஹால்டர், அமெரிக்க இராணுவத்தின் வரலாற்றுப் பிரிவுக்காகத் தம் பழைய சகாக்களை எழுதவைத்தார். திறமையான தளபதிகள், குறுக்கிட்டுக் கெடுத்த ஹிட்லர், கொலைகளில் பங்கில்லாத இராணுவம் என்ற சித்திரம் இவர்கள் கட்டியது. ஆங்கிலம் படித்த உலகம் கிழக்குப் போர்முனையை நெடுங்காலம் இவர்கள் கண்வழியாகவே பார்த்தது. ரொனால்ட் ஸ்மெல்சர், எட்வர்ட் டேவிஸ் என்ற இரு வரலாற்றாய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட நூலில், இந்தச் சித்திரம் அமெரிக்கப் பொதுமனத்தில் பரவிய வழிகளில் ஒன்றாகப் போர் விளையாட்டுகளையும் ஆராய்ந்தார்கள். ‘பான்சர் ஜெனரல்’ வெளிவந்த மறு ஆண்டு, 1995இல், ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் ஜெர்மன் இராணுவத்தின் குற்றங்களைப் புகைப்படங்களோடு காட்டிய கண்காட்சியைத் தொடங்கியது. ஜெர்மனியே அதிர்ந்தது. ஆக, அந்த நம்பிக்கை பொதுவெளியில் உடைவதற்குச் சற்று முன்பு எழுதப்பட்ட ஆவணம் இந்த விளையாட்டு. ஒரு தலைமுறை எதை நம்பியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

நம்மைத் தொடும் மௌனமும் ஒன்று உண்டு. எல் அலமைன் இதில் ஒரு களம். இத்தாலியின் அன்சியோவும் ஒரு களம். பிரிட்டன் தரப்பில் நிற்கும் படைகள் எல்லாம் பிரிட்டன் என்ற ஒற்றைக் கொடியின் கீழ் வருகின்றன. எல் அலமைனில் பிரிட்டனின் எட்டாம் சேனையில் நின்றவர்களில் 4ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவும் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையினர் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணிபுரிந்தார்கள். அந்தப் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் என்ற தமிழர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில், வெடிக்கவிருந்த கண்ணிவெடிமீது பாய்ந்து படுத்துத் தன்னோடிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. நம் மண்ணின் மனிதர்கள் இருந்த களத்தை அவர்கள் இல்லாமலே ஆடுகிறோம் என்பதை அறிந்து ஆடுவதும் இந்த இரண்டாம் வாசிப்பில் அடங்கும்.

அந்தக் காலக் கணினிக்கு இவ்வளவுதான் முடியும், அதைக் குறைசொல்வது நியாயமா என்று கேட்கலாம். கிரிஸ் க்ராஃபோர்டின் விளையாட்டுகள் இதற்குப் பதில். அவர் 1981இல் அட்டாரி கணினிக்கு எழுதிய ‘ஈஸ்டர்ன் ஃப்ரன்ட்’, ‘பான்சர் ஜெனரல்’ பெற்ற நினைவகத்தில் ஒரு துளிகூட இல்லாத இயந்திரத்தில் ஓடியது. அதிலும் ஆடுகிறவர் ஜெர்மன் தரப்புதான்; அதிலும் மக்கள் இல்லை. ஆனால் வழங்கல் பாதை அறுந்த படை வலுவிழக்கும். இலையுதிர்காலச் சேறு படைகளைக் கட்டிப்போடும். பனிக்காலத்தில் ஆறுகள் உறையும், வழங்கல் சுருங்கும். 1942 மார்ச்சில் ஆட்டம் முடியும்போது கைப்பற்றியதில் எவ்வளவு மிச்சம் என்பதும் பார்க்கப்படும். ஆடுகிறவர் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கணினியும் தன் திட்டத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டே இருக்கும். கைப்பற்றுவது எளிது, தக்கவைப்பது கடினம் என்பதை அந்தச் சிறிய நிரல் சொல்லிவிட்டது. 1985இல் அவர் எழுதிய ‘பேலன்ஸ் ஆஃப் பவர்’ பனிப்போரைப் பற்றியது. அதில் அணு ஆயுதப் போர் மூண்டால் வெடிப்புக் காட்சி எதுவும் வராது. தோல்விக்குப் பரிசு கிடையாது என்ற பொருளில் சில வரிகள் மட்டும் வந்து ஆட்டம் முடியும். எதைக் காட்டுவது, எதற்குப் புள்ளி கொடுப்பது என்ற முடிவை இயந்திரம் எடுப்பதில்லை, மனிதர்தான் எடுக்கிறார்.

மாலை நேரத்தில் கொஞ்சம் இளைப்பாற ஆடுகிறவரிடம் ஏன் இத்தனை பாரத்தை ஏற்ற வேண்டும் என்ற ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். அந்த இன்பத்தைப் பறிப்பது என் நோக்கமில்லை. நன்றாகக் கட்டப்பட்ட ஆட்டத்தில் ஒரு நல்ல நகர்வைக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி குற்றமாகாது. ஆனால் அறிவு அந்த மகிழ்ச்சியைக் குறைக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. இதிகாசத்தைக் குழந்தையாகக் கேட்டவர் வளர்ந்தபின் அதில் வாலிக்கும் கர்ணனுக்கும் நடந்ததைப் பற்றி வாதாடுகிறார்; வாதாடுவதால் கதை அவருக்குக் கசந்துபோவதில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று இருக்கிறது. போரை வாழ்ந்து கடந்தவர்கள், ஈழத்தில் பதுங்குகுழிகளில் இரவுகளைக் கழித்தவர்கள் உட்பட, போரை விளையாட்டாக்குவதே தவறு என்று சொல்லலாம். அவர்களுக்கு அப்படிச் சொல்லும் உரிமை உண்டு. யாரும் அவர்களை ஆடச்சொல்லி வற்புறுத்த முடியாது. என் பதில் மற்றவர்களைப் பற்றியது. போரைத் தூரத்திலிருந்து மட்டும் அறிந்த கோடிக்கணக்கானவர்கள் அதைப் பற்றிய எண்ணத்தை இந்த விளையாட்டுகளிலிருந்தும் பெற்றிருக்கிறார்கள். அந்த எண்ணத்தைச் சோதிக்க அதே ஊடகத்துக்குள் போகத்தான் வேண்டும். போலந்தின் ஒரு நிறுவனம் சரயேவோ முற்றுகையை மனத்தில் வைத்து 2014இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ விளையாட்டில் ஆடுகிறவர் தளபதி அல்லர். முற்றுகையிடப்பட்ட நகரத்தில் உணவும் மருந்தும் தேடும் குடிமக்களை அவர் காக்க வேண்டும். 2020இல் போலந்து அரசு அதைப் பள்ளி வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ‘பான்சர் ஜெனரலை’யும் இதையும் ஒருவர் அடுத்தடுத்து ஆடினால், போரை மேலிருந்து பார்ப்பதற்கும் உள்ளிருந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம் அவருக்குப் புரியும்.

பழையதைத் தூக்கிச் சுமப்பானேன், புதுப்பித்த வடிவங்கள்தான் வந்துவிட்டனவே என்பார்கள். 2011இல் வந்த ‘பான்சர் கார்ப்ஸ்’ பழைய ஆட்டத்தின் நேரடி வாரிசு. அதே ஆண்டு வந்த ‘யூனிட்டி ஆஃப் கமாண்ட்’ வழங்கலையே ஆட்டத்தின் மையமாக்கியது. என் பார்வையில் அது பழைய பிழைக்குக் கிடைத்த மிக நல்ல திருத்தம். ஆனால் திருத்திய பதிப்பு இருக்கிறது என்பதற்காக மூலப் பதிப்பை எரித்துவிடுவதில்லை. 1994இல் மனிதர்கள் போரை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதை 1994இன் விதிகள் மட்டுமே காட்டும். விதிகளைத் திரைப்படமாக எடுத்துக் காட்டியும் பயனில்லை. ஆடினால்தான் அவை வெளிப்படும்.

இங்கேதான் சிக்கல். தமிழ்நாட்டுக் கோயில்களின் தரைக் கற்களில் யாரோ செதுக்கிய ஆடுபுலி ஆட்டக் கோடுகளில் இன்றும் கூழாங்கல் வைத்து ஆடலாம். முப்பது ஆண்டு வயதுடைய கணினி விளையாட்டு, இரண்டு தலைமுறை இயந்திரங்கள் மாறியதும் தானாக ஓடாது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. நிறுவனங்கள் கைமாறுகின்றன; எஸ்எஸ்ஐயின் சொத்துகள் பலரிடம் போய், 2001இல் யூபிசாஃப்ட் வசம் வந்தன. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015இல் ஆயிரக்கணக்கான டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடும்படி வைத்ததும், ரசிகர்கள் சொந்த முயற்சியில் பழைய கோப்புகளைக் காத்துவருவதும் பெரிய தொண்டு. ஆனால் அது சட்டத்தின் தயவில் நிற்கும் தொண்டு. ஆராய்ச்சியாளர்கள் வீட்டிலிருந்தே பழைய விளையாட்டுகளை அணுக நூலகங்கள் வழிசெய்யலாமா என்று கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. விற்பனை பாதிக்கும் என்பது நிறுவனங்களின் வாதம். விற்பனையிலேயே இல்லாத விளையாட்டின் விற்பனை எப்படிப் பாதிக்கும் என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. விற்கப்படும் விளையாட்டுக்கு நிறுவனத்தின் உரிமை இருக்கட்டும். கைவிடப்பட்டதை மூல வடிவில் காத்து வாசகருக்குக் கொடுக்கும் உரிமை நூலகத்துக்கு வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி நிறுவனப் படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ‘பான்சர் ஜெனரல்’ பொதுவுடைமையாக 2089 முடிய வேண்டும்.